குலசேகரத்து ரப்பர் கடையில் சர்வர் 2003: விர்ச்சுவல்பாக்ஸில் ஓட்டிப் பார்த்த அனுபவம்

மார்த்தாண்டத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்யும் நண்பன் போனில் கேட்டான்: "மக்கா, உங்க மாமா கடையில சர்வர் 2003-ஐ விர்ச்சுவல்பாக்ஸ்ல போட்டியே, இப்பவும் ஓடுதா? இங்க ஒரு பார்ட்டி அதையே கேக்காரு." ஓடுது என்று மட்டும் சொல்லி வைத்தேன். மீதியை இங்கே எழுதுகிறேன். சர்வர் 2003 மைக்ரோசாஃப்டின் பழைய விண்டோஸ்களில் ஒன்று. விர்ச்சுவல்பாக்ஸ் என்பது ஒரு கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டரை, அதாவது விர்ச்சுவல் மெஷினை, ஓட்டிக் காட்டும் மென்பொருள்.

மாமாவுக்குக் குலசேகரத்தில் ரப்பர் ஷீட்டும் ஒட்டுப்பாலும் வாங்கும் கடை. ஜிஎஸ்டி பில்லுக்கு வேறு மென்பொருள் வந்துவிட்டது. ஆனால் தோட்டக்காரர் கணக்கு, அதாவது யார் எத்தனை கிலோ ஷீட் போட்டார், எந்தத் தரம், யாருக்கு எவ்வளவு முன்பணம் நிற்கிறது என்பதெல்லாம் விபி6 என்ற மொழியில் எழுதிய பழைய புரோகிராமில்தான் கிடக்கிறது. அடியில் கணக்கைச் சேமித்துவைக்கும் எஸ்க்யூஎல் சர்வர் 2000 என்ற டேட்டாபேஸ். எழுதிக் கொடுத்தவர் கல்ஃபுக்குப் போய் வெகுகாலம் ஆகிறது. ஓர் ஐப்பசி மாதத்து இடியில் பழைய டவரின் மதர்போர்டு போயிற்று. ஹார்ட் டிஸ்க் தப்பியது. அந்தக் காலத்து போர்டைத் தேடி அலைவதைவிட விர்ச்சுவல் மெஷின் நல்லது என்று முடிவு செய்தோம்.

இன்ஸ்டால் பண்ணுவதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. வகையில் விண்டோஸ் 2003, 32-பிட் என்று தேர்ந்தெடுத்து, டிஸ்க்கை ஐடிஇ என்ற பழைய இணைப்பு முறையின் கன்ட்ரோலரிலேயே விட்டுவிட வேண்டும். வேகம் கிடைக்கும் என்று சாட்டா என்ற புதிய முறைக்கு மாற்றினால், ஹார்ட் டிஸ்க்கே இல்லை என்று நீலத் திரை சொல்லும். 2003 சிடியில் சாட்டாவுக்கு வேண்டிய ஏஹெச்சிஐ டிரைவர் கிடையாது. எஃப்6 தட்டி பிளாப்பியில் டிரைவர் கொடுத்த காலத்து ஏற்பாடு அது. குறைந்தபட்சம் 128 எம்பி ராம் இருந்தாலே நிறுவிக்கொள்ளும். நான் 1 ஜிபி கொடுத்தேன், தாராளம். லைசென்ஸை மட்டும் முதலில் பாருங்கள். மெஷினோடு வந்த ஓஇஎம் சிடி என்றால் அது அந்த மெஷினுக்கு மட்டுமே செல்லும். மாமா தனிப் பெட்டியாக வாங்கியிருந்ததால் பிரச்சினை இல்லை.

விண்டோஸ் 11-இல் ஓட்டுகிறவர்கள் விர்ச்சுவல்பாக்ஸ் ஜன்னலின் கீழ்ப்பட்டையைக் கவனியுங்கள். அங்கே பச்சை நிறத்தில் ஓர் ஆமை தெரிந்தால், அடியில் விண்டோஸின் சொந்த விர்ச்சுவல் மெஷின் ஏற்பாடான ஹைப்பர்-வி உட்கார்ந்திருக்கிறது, வேகம் குறையும் என்று அர்த்தம். விண்டோஸின் மெமரி இன்டக்ரிட்டி என்ற பாதுகாப்பு வசதியை அணைத்ததும் எங்களுக்கு ஆமை போய்விட்டது, புரோகிராமும் சுறுசுறுப்பாக ஓடியது. பாதுகாப்பில் கொஞ்சம் விட்டுக்கொடுத்துத்தான் அந்த வேகம் கிடைக்கிறது, அதை யோசித்துச் செய்யுங்கள்.

இனி, என் பொறுமையைச் சோதிக்கும் சமாச்சாரம். ஷட்டவுன் ஈவென்ட் டிராக்கர். 2003-ஐ முறையாக அணைத்தாலும் ஏன் அணைக்கிறாய் என்று கேட்கும். கரண்ட் போய் அணைந்தாலோ, அடுத்த முறை உள்ளே நுழைந்ததும் பெட்டி ஒன்றை நடுவில் வைத்து, எதிர்பாராமல் ஏன் நின்றது என்று விசாரிக்கும். பட்டியலில் 'பவர் ஃபெயிலியர்: என்விரான்மென்ட்' உண்டு, 'கார்டு அன்பிளக்டு' உண்டு. 'அதர்' என்று எடுத்தால் கீழே ஏதாவது எழுத வேண்டும், அதுவரை ஓகே பட்டன் மங்கியே நிற்கும். பெரிய டேட்டா சென்டரில் இந்தக் கேள்விக்கு நியாயம் இருக்கலாம். பேச்சிப்பாறைப் பக்கமெல்லாம் மத்தியானத்துக்கு மேல் மேகம் கறுத்தால் கரண்ட் போகும், யுபிஎஸ் கொஞ்ச நேரம்தான் தாங்கும். ஷீட் கட்டோடு தராசுக்கு முன்னால் நான்கு பேர் நிற்கும்போது, மாமா அந்தப் பெட்டிக்குப் பதில் எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். ஆறினால் திரும்பவும் வரும்.

ஜிபிஎடிட் என்ற விண்டோஸ் அமைப்புக் கருவியில் ஒரு வரியை மாற்றினால் அது அடங்கிவிடும். மாற்றலாம் என்று உட்கார்ந்தேன். அப்போதுதான் விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரைத் திறந்து பார்த்தேன். சிஸ்டம் பதிவில் 6008 என்ற எண்ணில், மெஷின் எதிர்பாராமல் நின்ற தேதியும் நேரமும். 1076-இல் மாமா தட்டிய காரணம், ஆங்கில எழுத்தில் தமிழாக: 'கரண்ட் போச்சு', 'பயங்கர இடி', 'பேச்சிப்பாறை லைன்'. பழைய டவரில் இருந்த காலத்துப் பதிவுகளையும் அந்த டிஸ்க்கிலிருந்து திறந்து பார்த்தேன், அங்கேயும் இதேபோல.

பார்த்ததும் ஒன்று புரிந்தது. கணக்கு உதைப்பது பெரும்பாலும் கரண்ட் போன நேரத்தில் பாதியில் நின்ற என்ட்ரியால்தான். எந்த நாள், எத்தனை மணி என்று தெரிந்தால் அந்த ஒன்றிரண்டு சீட்டை மட்டும் எடுத்துச் சரிபார்த்துவிடலாம். முன்பெல்லாம் ஒரு தோட்டக்காரரின் முன்பணம் ஒத்துவரவில்லை என்றால் முழு மாதத்துச் சீட்டையும் பரப்பிக்கொண்டு உட்காருவோம். இப்போது பதிவைப் பார்க்கிறோம், சீட்டை எடுக்கிறோம், முடிந்தது. டிராக்கரை அணைக்கவில்லை.

அப்புறம், சேவ் ஸ்டேட். மழை மூடுவது தெரிந்ததும் மெஷினை அப்படியே உறையவைத்துவிட்டு கம்ப்யூட்டரை நிறுத்திவிடலாம். கரண்ட் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். முழு சர்வரும் ஒரே விடிஐ கோப்பு (விர்ச்சுவல்பாக்ஸின் டிஸ்க் கோப்பு) என்பதால் முறையாக அணைத்தபின் வெளி டிஸ்க்கில் நகல் எடுத்து மாமா வீட்டு அலமாரியில் வைத்துவிடுகிறோம். அந்த டவரில் இதெல்லாம் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

கோப்பு பரிமாற்றம்தான் இன்னொரு தலைவலி. நெட்வொர்க்கில் கோப்பைப் பகிர 2003-க்குத் தெரிந்தது எஸ்எம்பி1 என்ற பழைய முறை மட்டும். விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பிலிருந்து புதிதாக நிறுவும்போது அதை முழுதாகத் தருவதில்லை. 2017-இல் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை வைரஸ் பரவியது அதன் ஓட்டை வழியாகத்தான் என்பதால் தராததே சரி. திரும்ப இயக்காதீர்கள். விர்ச்சுவல்பாக்ஸோடு வரும் கெஸ்ட் அடிஷன்ஸ் போட்டு ஷேர்டு ஃபோல்டர் வழியாக எடுத்தால் போதும். நெட்வொர்க் கார்டை நாங்கள் கழற்றியே வைத்திருக்கிறோம்.

இனி நண்பனுக்குப் பதில். இவ்வளவு சொன்னபிறகும், உன் பார்ட்டிக்கு இதைப் போட்டுக்கொடு என்று நான் சொல்ல மாட்டேன். சர்வர் 2003-க்கு ஆதரவு 2015 ஜூலை 14-ஓடு முடிந்தது. எஸ்க்யூஎல் சர்வர் 2000-க்கு அதற்கும் முன்னால், 2013 ஏப்ரலிலேயே. அன்றாட வியாபாரத்தை இதன் தலையில் கட்டுவது தப்பு. பழைய கணக்கைப் பார்க்க மட்டும் என்றால் சரி, போடு. மாமா கடையில் மட்டும் ஏன் இன்னும் வைத்திருக்கிறாய் என்று நீ கேட்பாய். அந்த முன்பணக் கணக்கை வேறு எதிலும் இவ்வளவு நிம்மதியாக நான் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

உன் பார்ட்டி பிடிவாதம் பிடித்தால், முதல் நாளே எஸ்க்யூஎல் பேக்கப்பை ஷேர்டு ஃபோல்டருக்கு எடுக்கிற மாதிரி செய்துவிடு. டிராக்கர் தொல்லை என்று கூப்பிட்டால் என் நம்பரைக் கொடு, நான் பேசிக்கொள்கிறேன்.