யானைமலையைப் படிக்க 58 கே/1 டோபோ ஷீட்: எதற்கு உதவும், எங்கே போதாது

நாட்டின் நில அளவைத் துறையான சர்வே ஆஃப் இந்தியா வெளியிடும் டோபோ ஷீட் (நில அமைப்பைக் காட்டும் வரைபடத் தாள்), 1:50,000 அளவில், மலையைவிட மலையடியைத்தான் நன்றாகச் சொல்கிறது. படுத்த யானை போலத் தெரியும் மதுரை யானைமலை இதற்கு நல்ல உதாரணம்; அது வரும் தாளின் எண் 58 கே/1. சுமார் 3 கி.மீ. நீளமுள்ள பாறை, தாளில் 6 செ.மீ. தான். சம உயரக் கோடுகள் (ஒரே உயரமுள்ள இடங்களை இணைப்பவை) 20 மீட்டருக்கு ஒன்று என்பதால், அதிகம் எழும்பாத குன்றுக்குச் சில கோடுகளே கிடைக்கும். தும்பிக்கையும் முதுகும் அதில் தெரியாது.

ஆனால் சரிவைக் கணக்கிடலாம். தாளில் 1 மி.மீ. என்பது தரையில் 50 மீட்டர். அடுத்தடுத்த இரு கோடுகளுக்கு நடுவே 1 மி.மீ. இருந்தால் சரிவு ஏறக்குறைய 22 டிகிரி; அரை மி.மீ. என்றால் 39 டிகிரி. கோடுகள் ஒட்டிக்கிடக்கும் பக்கம் ஏற வழி தேட வேண்டாம். சுனை, பாறை வெடிப்பு, சமணச் சிற்பங்கள் எந்த உயரத்தில் என்பதற்கெல்லாம் நேரில் போகத்தான் வேண்டும்.

இந்தத் தாளின் அருமை சுற்றியுள்ள கண்மாய்களில் இருக்கிறது. சமவெளியில் 20 மீட்டர் இடைவெளி மிகப் பெரிது; சம உயரக் கோட்டைப் பார்த்து நீர் எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்ல முடியாது. கரையைப் பாருங்கள். கண்மாய்க் கரையின் வளைவு எப்போதும் பள்ளத்துப் பக்கம் புடைத்திருக்கும், திறந்த வாய் மேட்டைப் பார்த்திருக்கும். அடுத்தடுத்த நாலைந்து கரைகளைப் பார்த்தாலே மலையில் பெய்த மழை எந்தக் கண்மாய் நிறைந்து எதற்குப் போகும் என்பது பிடிபட்டுவிடும். கரையருகே எண்ணோடு சிறிய ஆங்கில 'ஆர்' (r) எழுத்து இருந்தால் அது சுற்றுத்தரையிலிருந்து கரையின் உயரம், மீட்டரில். கடல் மட்ட உயரம் என்று குழம்பக் கூடாது.

பொதுப் பயன்பாட்டுக்கான திறந்த வரிசைத் தாள்களை (ஓப்பன் சீரிஸ் மேப்) சர்வே ஆஃப் இந்தியாவின் இணையதளத்தில் பதிவு செய்து பிடிஎஃப் ஆக இலவசமாக இறக்கலாம். அதில் எண்முறை வேறு, சி44 என்று தொடங்கும்; 58 கே/1 என்பது பழைய எண். அழகர்மலையும் வேண்டுமென்றால் வடக்கே ஒட்டியுள்ள 58 ஜே/4 தாளையும் சேர்த்து எடுங்கள், ஏனென்றால் 10 டிகிரி அட்சக்கோட்டில் தாள் முடிந்துவிடுகிறது.

அச்சில்தான் பலர் தவறுகிறார்கள். வரைபடப் பகுதி மட்டுமே ஏறக்குறைய 55 செ.மீ. சதுரம். ஏ4 தாளுக்குள் சுருக்கினால் மேலே சொன்ன மி.மீ. கணக்கு எதுவும் செல்லாது. பிளாட்டரில் (பெரிய தாள் அச்சு இயந்திரத்தில்) முழு அளவில் எடுத்து, தாளில் அச்சாகியுள்ள அளவுகோல் பட்டையில் 1 கி.மீ. சரியாக 2 செ.மீ. வருகிறதா என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள்.

பழைய அச்சுத் தாள் கைவசம் இருந்தால் இன்னொரு எச்சரிக்கை. அது எவரெஸ்ட் என்ற பழைய புவி அளவீட்டு அடிப்படையில் வரைந்தது. செல்போன் ஜிபிஎஸ் பயன்படுத்துவது டபிள்யூஜிஎஸ் 84 என்ற வேறு அடிப்படை. ஜிபிஎஸ் காட்டும் அட்ச, தீர்க்க எண்களை அப்படியே தாளில் குறித்தால் புள்ளி நூறு மீட்டருக்கு மேல் தள்ளி விழும். ஒத்தக்கடை போன்ற சாலையோர ஊரில் அது பெரிதாகத் தெரியாது. செங்குத்துப் பாறையின் விளிம்பில் அதே பிழை ஆபத்து.