வீச்சுவலைக் குண்டுக்குச் சுத்த ஈயமா, கலப்பு ஈயமா?

கடலூர் உப்பனாற்றில் வீசும் வலைக்கு அடிக்கயிறு மாற்றியபோது குண்டையும் வீட்டிலேயே வார்த்தேன். கையில் இரண்டு வகை ஈயம் இருந்தது. ஒன்று பழைய டெலிபோன் கேபிளின் மேலுறை. நகத்தால் கீறினாலே கோடு விழும், கிட்டத்தட்டச் சுத்த ஈயம். இன்னொன்று டயர் கடையில் கழித்துப்போட்ட பேலன்ஸிங் எடைகள், ஈயத்தைக் கெட்டியாக்கும் ஆன்டிமனி என்ற உலோகம் கலந்தவை. நான் சுத்த ஈயத்தின் பக்கம்தான்.

எடையில் பெரிய வித்தியாசம் கிடையாது. சுத்த ஈயம் 327 டிகிரியில் உருகும், கலப்பு அதற்குச் சற்று முன்பே இளகும். அச்சின் மூலைவரை ஓடி நிரம்புவதில் கலப்புதான் கெட்டி. குண்டு வடிவாக வரும். மீனுக்கு அது தெரியவா போகிறது!

விஷயம் குண்டைக் கயிற்றில் இறுக்குவதில் இருக்கிறது. பிளவோடு வார்த்த குண்டைக் கயிற்றில் வைத்துக் குறடால் அழுத்தினால், சுத்த ஈயம் கயிற்றின் முறுக்கோடு ஒட்டிப் படிந்து மூடிக்கொள்ளும். உலோகத்தின் கடினத்தை அளக்கும் பிரினெல் கணக்கில் அது 5 சுமார். 4 சதவீதம் ஆன்டிமனி சேர்ந்தாலே ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதை அழுத்தினால் குறடு வழுக்கும். இன்னும் அழுத்தினால் பிளவின் அடியில் மயிரிழை விரிசல் விடும். சரியாக மூடாத உதடு கூராக நின்று நைலானை அறுக்கும். ஆற்றின் அடியில் கிளிஞ்சல் வேறு, கயிறு எப்படியும் தேயத்தான் செய்யும். அடுத்த முறை கயிறு மாற்றும்போது சுத்த ஈயக் குண்டைக் கத்திமுனையால் நெம்பித் திறந்து அதையே திரும்பப் போடலாம். கலப்புக் குண்டைத் திறந்தால் உடைகிறது, மறுபடி அடுப்பு மூட்ட வேண்டியதுதான்.

சுத்த ஈயம் கல்லில் பட்டால் நசுங்கும், அது உண்மை. கருங்கல் கொட்டிய கரைகளில் நான் அதிகம் வீசியதில்லை. அங்கே வீசுகிறவர்கள் வேறு மாதிரி சொல்லக்கூடும். துளையில் நரம்பு கோக்கும் தூண்டில் குண்டுக்குக் கலப்பே போதும், அங்கே இறுக்கும் வேலையே இல்லை.

கலப்புதான் என்றால் எடைகளைப் பொறுக்கி எடுங்கள். இப்போது துத்தநாகமும் இரும்பும் சேர்ந்தே வருகின்றன. வெட்டுக்குறடு பதியவில்லையா, தூக்கிப் போடுங்கள். துத்தநாகம் உருக 419 டிகிரி வேண்டும். தீயை அளவாக வைத்தால் மேலே மிதக்கும், கரண்டியால் எடுத்துவிடலாம். சூடு ஏறி அதுவும் கரைந்துவிட்டால் எல்லாம் கூழாகி அச்சில் ஓடாது. பழைய பேட்டரித் தகடு சும்மா கிடைத்தாலும் வேண்டாம், அமிலமும் நச்சு வாயுவும் வரும்.

அப்புறம், ஐப்பசி ஈரத்தில் அச்சைக் காய வைக்காமல் ஊற்றாதீர்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் இருந்தாலே ஈயம் முகத்தில் தெறிக்கும்.