தஞ்சாவூரில் ஒரு சுகோய்: மாடல் வேலைக்கு ஊரில் கிடைத்தவை

சிங்கப்பூரில் பிளாஸ்டிக் விமான மாடல் செய்கிறவனுக்குப் பெயின்ட், பசை, டீக்கால் (மாடல் மேல் ஒட்டும் குறிகள் அச்சிட்ட மெல்லிய ஃபிலிம்) எல்லாம் ஒரே கடையில் கிடைத்துவிடும். தஞ்சாவூரில் அப்படி ஒரு கடை என் கண்ணில் படவில்லை. இருந்தும் இந்த முறை லக்கேஜில் ஒரு கிட்டை, அதாவது ஒட்டிச் சேர்க்கும் பாகங்கள் கொண்ட பெட்டியை, வைத்துக்கொண்டுதான் ஊருக்கு வந்தேன். செய்ய நினைத்தது எங்கள் ஊர் விமானம். புதுக்கோட்டை சாலைப் பக்கம் இருக்கிற விமானப்படைத் தளத்தில் 2020 ஜனவரியில் 222-ஆவது ஸ்குவாட்ரன் (விமானப்படைப் பிரிவு), சுகோய்-30 எம்கேஐ போர் விமானங்களோடு பணிக்கு வந்தது. 'டைகர்ஷார்க்ஸ்' என்று பெயர். தென்னிந்தியாவின் முதல் சுகோய் ஸ்குவாட்ரன் அது. ஊரில் செய்து ஊரிலேயே வைத்துவிட்டுப் போகலாம் என்று ஆசை.

கிட், ஸ்வெஸ்தா என்கிற ரஷ்யக் கம்பெனியின் 1/72 (அசலில் 72-இல் ஒரு பங்கு அளவு) சுகோய்-30 எஸ்எம். எம்கேஐயை அடிப்படையாக வைத்து ரஷ்யா தனக்காகச் செய்துகொண்ட விமானம் இந்த எஸ்எம். அதனால் முன்பக்கத்துச் சின்ன இறக்கைகளும் என்ஜினின் பின்முனையில் திரும்பும் நாசிலும் அப்படியே பொருந்தும். ஆண்டெனாவும் காக்பிட் கருவிகளும் கொஞ்சம் வேறுபடும். பெட்டியில் வருவது ரஷ்யக் குறிகள், நம் சுகோய் சுமக்கும் பிரம்மோஸ் ஏவுகணை கிடையாது.

முதல் பிரச்சினை பெயின்ட். ஸ்ப்ரே டப்பா, லாக்கர் (சீக்கிரம் காயும் பெயின்ட்) எல்லாம் தீப்பிடிக்கும் சரக்கு. கைப்பையிலும் கூடாது, லக்கேஜிலும் கூடாது. எனக்கு வேண்டிய சாம்பல் நிறத்தை ஒரு பிளாஸ்டிக் ஸ்பூனில் அடித்து அதை மட்டும் எடுத்து வந்திருந்தேன். கார் டச்சப்புக்குப் பெயின்ட் கலந்து தரும் கடை ஒன்றில் நீட்டினேன். கடைக்காரர் ஸ்பூனை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பார்த்தார், உள்ளே டியூப்லைட்டில் பார்த்தார். "என்ன வண்டி தம்பி?" என்றார். சுகோய் என்றேன். ஒரு நொடி யோசித்துவிட்டு, "ஃபுல் பாடியா, பம்பர் மட்டுமா?" என்றார்.

அப்புறம் வேலை சுத்தம். தராசில் டப்பாவை வைத்து வெள்ளையை ஊற்றினார்; கறுப்பையும் நீலத்தையும் சொட்டுச் சொட்டாக விட்டார். விரலில் தொட்டு ஸ்பூன் முதுகில் ஒரு கோடு இழுத்தார். வெளுப்பாகத் தெரிகிறதே என்றதற்கு, "காயட்டும், காஞ்சா இறங்கும்" என்றார். காய்ந்ததும் கோடு எங்கே இருந்தது என்றே தெரியவில்லை. கணினியில் கலர் நம்பரைத் தட்டிக் கலக்குகிற இடத்தில் இது கிடைக்காது என்பது என் அபிப்பிராயம்.

பிளாஸ்டிக் பொம்மைக்கு என்று தெரிந்ததும், லாக்கரில் கலக்கும் என்சி தின்னர் பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும், பிரைமர் போட்டுத் தூவலாக அடியுங்கள் என்று எச்சரித்தார். அது எனக்குத் தெரிந்ததுதான். தெரியாதது மழைக்கால விஷயம். டெல்டாவின் ஈரக்காற்றில் லாக்கர் சட்டென்று காய்ந்தால் மேலே வெள்ளை படிந்துவிடும். மெதுவாகக் காயும் தின்னர் ஒன்றைக் கையோடு கொடுத்து, நன்றாக வெயில் ஏறிய பிறகே அடிக்கச் சொன்னார். அப்படியே செய்தேன், படியவில்லை.

பிரம்மோஸுக்குத் திருச்சிக்குப் போனேன், ஒரு 3டி பிரின்ட் கடைக்கு. சுமார் 2.5 டன் எடையுள்ள ஏவுகணை. விமானத்தின் வயிற்றுக்கு நடுவில் ஒன்றே ஒன்றுதான் தொங்கும். 2017 நவம்பர் 22 அன்று வங்கக் கடல் மேல் சுகோயிலிருந்து முதன்முறையாக ஏவினார்கள். அசல் சுமார் 8 மீட்டர் என்றால் நமக்கு 11 சென்டிமீட்டர். நான் கொண்டுபோன ஃபைலைக் கடைப் பையன் திரையில் சுழற்றிப் பார்த்துவிட்டு, சாய்த்து வைத்து அடித்தால்தான் அடுக்குக் கோடு தெரியாது என்றான். பிரின்ட் ஆகும்போது தாங்கிப் பிடிக்கும் கால்கள் விடும் தழும்புகளை விமானத்தின் வயிற்றைப் பார்க்கிற பக்கம் வருமாறு அவனே திருப்பி வைத்தான். மாட்டிய பிறகு அந்தப் பக்கத்தை யாரும் பார்க்கப்போவதில்லை. கேட்காமலே செய்தான்! கிராம் கணக்கில் வாங்கிய காசு ஒரு காபிச் செலவுக்கு மேல் போகவில்லை. பஸ் டிக்கெட்தான் அதிகம்.

இனி வயிற்றெரிச்சல். இந்திய விமானப்படைக் குறிகளுக்கு ஆர்டர் போட்ட டீக்கால் தாள், கூரியரில் 'வீடு பூட்டியிருந்தது' என்று திரும்பிப் போய்விட்டது. அன்று வீட்டில் வளைகாப்பு. வாசலில் பந்தலே போட்டிருந்தோம். போனில் கேட்டால் டெலிவரிப் பையனைக் கேளுங்கள் என்கிறார்கள், அவன் ஆபீஸைக் கேளுங்கள் என்கிறான். விட்டுவிட்டேன்.

கையில் வெற்று டீக்கால் தாள் இருந்ததால் ஜெராக்ஸ் கடையில் லேசர் பிரின்டரில் அடிக்கலாம் என்று போனேன். "ஃபிலிம் உருகி உள்ளே ஒட்டிக்கிட்டா மெஷின் போச்சு சார்" என்று இரண்டு கடைகளில் மறுத்தார்கள்; நியாயம்தான். மூன்றாவது கடை அம்மா மேனுவல் ட்ரேயில் ஒவ்வொரு தாளாகவிட்டு அடித்துக் கொடுத்தார். ஆனால் சாதாரண லேசருக்கு வெள்ளை அச்சிடத் தெரியாது. நம் வட்டக் குறியில் வெளியே காவி, நடுவே வெள்ளை, உள்ளே பச்சை. தெளிந்த தாளில் அடித்தால் அந்த வெள்ளை வளையத்தில் விமானத்தின் சாம்பல்தான் தெரியும். வட்டங்களை வெள்ளை டீக்கால் தாளில் அடித்துக் காவி ஓரத்தை ஒட்டி வெட்டினேன். கறுப்பு எண்களுக்குத் தெளிந்த தாள் போதும்.

மாடலை வைக்கும் கண்ணாடிப் பெட்டி விஷயத்தில் தஞ்சாவூரை அடிக்க ஆள் இல்லை. நெட்டியில் பெரிய கோயில் செய்து கண்ணாடிக்குள் வைத்து விற்கிற ஊர். அதற்குக் கூடு செய்கிறவரிடமே போனேன். மாடல் 30 சென்டிமீட்டர் நீளம், 20 சென்டிமீட்டர் அகலம். அளவுச் சீட்டை வாங்கிப் பார்க்கவே இல்லை. மாடலை மேசையில் வைக்கச் சொல்லி, இறக்கை நுனியிலிருந்து இரண்டு விரல்கட்டை விட்டு நூல் பிடித்தார். மறுநாள் மாலை கூடு தயார். தூசி புகாமல் அடியில் வெல்வெட் பட்டையும் ஒட்டியிருந்தார்.

தளத்துப் பக்கம் போய்ப் படமெடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். வெளியில் வந்துள்ள அதிகாரபூர்வப் படங்களே போதும்.

மாடல் இப்போது சித்தப்பா வீட்டு ஹாலில் இருக்கிறது. உடம்பில் வருகிற பொடி எழுத்துகள் மட்டும் பாக்கி. அதற்கு வெள்ளை டோனர் (லேசர் பிரின்டரின் மைப்பொடி) போட்டு அடிக்கிற கடை வேண்டும்; சென்னையில் விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன்.