பறவைக்கென்று விற்கும் பழக்கலவை டப்பா: காக்கட்டீல் வளர்ப்பவர்கள் கவனத்துக்கு

காக்கட்டீல் என்ற கொண்டை வைத்த சின்னக் கிளியை வளர்க்கும் நண்பர்கள் இதைத் தயவுசெய்து கடைசிவரை படியுங்கள். எங்கள் வீட்டில் இருந்த இரண்டு காக்கட்டீல்களில் பொன்னி இறந்து மூன்று வாரம் ஆகிறது, முத்து மட்டும் இருக்கிறான். நான்கு சிங்கப்பூர் வெள்ளி கொடுத்து நானே வாங்கிவந்த டப்பாவிலிருந்து சாப்பிட்ட மறுநாள் போய்விட்டாள்.

தினைக்கதிர், பெல்லட், கணவாய் ஓடு எல்லாம் நான் எங்கள் வட்டாரத்துச் செல்லப்பிராணிக் கடை ஒன்றில்தான் வாங்குவேன். அந்தச் சனிக்கிழமை கல்லாப் பக்கத்தில் புதிதாக ஒரு சின்ன ஃபிரிட்ஜ் இருந்தது. உள்ளே பிளாஸ்டிக் டப்பாக்கள், ஒவ்வொன்றிலும் சிவப்பு ரப்பர் பேண்ட், மேலே ‘பறவைகளுக்கு’ என்று ஆங்கிலத்தில் கையால் எழுதிய துண்டுச்சீட்டு. பப்பாளி, தர்பூசணி, ஆப்பிளின் நடுப்பகுதி, அப்புறம் பச்சையும் மஞ்சளுமாகக் குழைந்த ஏதோ ஒரு சதை. “எல்லாமே கொடுக்கலாமா தம்பி?” என்று கடையில் இருந்தவரிடம் கேட்டேன். “தாராளமா கொடுங்கக்கா. காட்டுல இதுங்களுக்கு யாரு பொறுக்கிக் கொடுக்கிறாங்க?” என்றார். பல வருடமாகப் பார்க்கும் முகம். நம்பினேன்.

முத்து புதிதாக எதைப் பார்த்தாலும் ஒதுங்குவான், கிட்டேயே வரவில்லை. பொன்னிக்குப் பயமே கிடையாது. கிண்ணத்தில் ஏறி நின்று சாப்பிட்டாள். அலகு ஓரத்தில் பச்சையாக ஒட்டியிருந்ததை நான்தான் ஈரத்துணியால் துடைத்துவிட்டேன்.

ஞாயிறு விடியற்காலையில் கூண்டுத் துணியை எடுத்தபோது அவள் கம்பில் இல்லை. கூண்டின் தரையில், இறகெல்லாம் உப்பி, கொண்டை படிந்துபோய் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடியது. தூக்கம் என்று நினைத்துவிடாதீர்கள், மூச்சு விட முடியாத பறவைதான் வாலை அப்படி ஆட்டும். நோய் வந்தால் இவை முடிந்தவரை மறைத்துவைக்கும், நம் கண்ணுக்குத் தெரியும்போது பெரும்பாலும் நிலைமை முற்றியிருக்கும்.

பறவை பார்க்கும் மருத்துவர் எல்லா கிளினிக்கிலும் இருப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒருவரைத் தேடிப் பிடிக்கவே ஒன்றரை மணிநேரம் போனது. உங்கள் வீட்டில் பறவை இருந்தால் அந்த எண்ணை இன்றே போனில் சேமித்துவையுங்கள். நல்லவேளையாக டப்பாவையும் கையோடு எடுத்துப் போயிருந்தேன். டாக்டர் இடுக்கியால் கிளறி, அந்தப் பச்சைச் சதையைத் தனியே எடுத்துவைத்து, “இது அவகாடோ” என்றார். ஆப்பிள் நடுவிலிருந்த கறுப்பு விதைகளையும் காட்டினார்.

அவகாடோவில் பெர்சின் என்ற பொருள் இருக்கிறது. நமக்கு ஒன்றும் செய்யாது. பறவைக்கு அது இதயத் தசையைக் கெடுத்து, நெஞ்சுக்குள் நீர் கோக்க வைக்கும். முறிமருந்து கிடையாது. ஆக்சிஜன் கொடுத்து, நீரைக் குறைக்க மருந்து கொடுத்துப் பார்க்கலாம், அவ்வளவுதான். காக்கட்டீலின் எடையே சுமார் 100 கிராம். அந்த உடம்புக்கு ஒரு சின்னத் துண்டே அதிகம். ஆப்பிள் விதையும் லேசானதல்ல, நசுங்கினால் சயனைடு வெளிப்படும். மனிதர்கள் தவறி விழுங்கினால் விதை முழுசாக உள்ளே போகும். கிளி இனத்துக்கு விதையை உடைத்துத் தின்பதுதானே பழக்கம்?

அன்று இரவு ஒன்பது மணிக்கு கிளினிக்கிலிருந்து அழைப்பு வந்தது.

மறுநாள் கடைக்குப் போனேன். அந்தத் தம்பி எதையும் மறைக்கவில்லை. ஜூஸ் கடையில் மிஞ்சுவதைக் காலையில் வாங்கிவந்து டப்பாவில் போடுகிறார்களாம், வீணாகக் கூடாதே என்று. ஜூஸ் கடை என்றால் நம் உணவங்காடிகளில் அவகாடோ இல்லாமல் இருக்குமா? முதலாளி வந்து, ரசீது இருந்தால் நான்கு வெள்ளியைத் திருப்பித் தருவதாகவும், ஒரு பை தானியம் சும்மா தருவதாகவும் சொன்னார். எனக்கு அது தேவையில்லை. மீதி டப்பாக்களை எடுத்துவிடுங்கள் என்று மட்டும் கேட்டேன். “மத்தவங்க யாரும் சொல்லலையே” என்றார். நான் வெளியே வரும்போதும் அவை அதே இடத்தில்தான் இருந்தன. என்னால் பொறுக்க முடியாதது இதுதான். தெரியாமல் செய்ததை மன்னிக்கலாம், தெரிந்த பிறகும் விற்பதை எப்படி மன்னிப்பது?

காடு என்ற பேச்சுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். காக்கட்டீலின் ஊர் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாடு. அங்கே அது பெரும்பாலும் தரையில் இறங்கிப் புல் விதைகளைப் பொறுக்கித் தின்னும். அவகாடோவின் பூர்வீகம் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். அந்தப் பறவை தன் காட்டில் அந்தப் பழத்தைப் பார்த்ததே இல்லை. வள்ளி காத்த தினைப்புனத்தில் கிளிகள் எதற்கு வந்தன என்று நமக்குத் தெரியும், பழத்துக்கா வந்தன?

அதற்காகப் பழமே கூடாது என்று சொல்லவில்லை. வெறும் தானியத்தில் வைட்டமின் ஏ போதாது. முத்துவுக்கு இப்போது தேக்கா சந்தையில் வாங்கும் முருங்கைக்கீரை, துருவிய கேரட், பூசணி இவைதான் முக்கியம். பழம் என்றால் கொய்யா, பப்பாளி, விதை எடுத்த ஆப்பிள், அதுவும் விரல்நகம் அளவு. எல்லாவற்றையும் நன்றாக அலசி, நானே நறுக்கி, ஒரு மணிநேரத்தில் கிண்ணத்தை எடுத்துவிடுகிறேன். நம் வெக்கையில் நறுக்கிய பழம் சீக்கிரம் புளித்துவிடும். சமையலறையில் மிஞ்சும் வெங்காயம், பூண்டு, தக்காளிக் காம்பு, ஊறவைத்தும் வேகவைக்காத ராஜ்மா போன்ற பெரிய பயறு வகைகள், பீச், செர்ரி கொட்டைகள், சாக்லேட், கோப்பி எதுவும் கூண்டுப் பக்கமே போகக் கூடாது. மணி பிளான்ட் கொடியையும் எட்டாத இடத்துக்கு மாற்றிவிட்டேன், அதன் இலையைக் கடித்தால் வாய் புண்ணாகும்.

இங்கே சிங்கப்பூரில் செல்லப்பிராணிக் கடைகளுக்கு உரிமம் கொடுப்பது தேசியப் பூங்காக் கழகத்தின் கீழுள்ள ஏவிஎஸ் என்ற விலங்கு மருத்துவச் சேவைப் பிரிவு. டப்பா, சீட்டு இரண்டையும் படமெடுத்து, கிளினிக் அறிக்கையோடு அங்கே புகார் அனுப்பியிருக்கிறேன். பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

சிவப்பு ரப்பர் பேண்ட் போட்ட, கையால் ‘பறவைகளுக்கு’ என்று எழுதிய டப்பா உங்கள் ஃபிரிட்ஜில் இருந்தால், நாளைக்கு என்று வைக்காமல் இப்போதே எடுத்துக் கொட்டிவிடுங்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் பறவை உற்சாகமாகத் தெரிந்தாலும் பரவாயில்லை, உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். பொன்னியும் சனிக்கிழமை சாயங்காலம் வரை விசிலடித்துக்கொண்டுதான் இருந்தாள்.