அந்தமானில் எதற்கு நாள் ஒதுக்கலாம், எதை விட்டுவிடலாம்

அந்தமான் போகிற பலருக்கும் கையில் இருப்பது ஐந்தாறு நாள்தான். சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். அங்கே இறங்கிய பிறகு ஒரு தீவிலிருந்து அடுத்த தீவுக்குப் போவதிலேயே அரை நாள் போய்விடும். டூர் பேக்கேஜ்களோ ஹேவ்லாக், நீல், பாராடாங், ராஸ் தீவுகள், நார்த் பே கடற்கரை, ஸ்கூபா, சீ வாக் என்று எல்லாவற்றையும் அடைத்துத் தருகின்றன. அத்தனையையும் தொட்டுவிட்டு வர முயன்றால் படகுத்துறை வரிசைகள்தான் மனதில் நிற்கும். அதனால் ஒன்றுக்கொன்று போட்டியாக நிற்பவற்றை எதிரெதிரே வைத்து, நான் எதைத் தேர்ந்தெடுப்பேன், எதை விடுவேன் என்று சொல்கிறேன்.

திட்டம் போடும் முன் ஒரு விஷயம். கடிகாரம் இந்திய நேரத்தில்தான் ஓடும், ஆனால் தீவுகள் வெகு கிழக்கே இருக்கின்றன. டிசம்பரில் மாலை ஐந்தைத் தாண்டினாலே இருட்டத் தொடங்கிவிடும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று இடம் பார்க்கலாம் என்ற கணக்கு அங்கே எடுபடாது. காலை ஆறு மணிக்குக் கிளம்புகிறவர்களுக்குத்தான் அந்தமான் முழு நாளாகக் கிடைக்கும்.

கடலுக்குள் பார்க்க நான்கு வழிகள்

அந்தமானுக்கே உரிய காட்சி தண்ணீருக்குள் இருக்கிறது. அழகான மணற்கரை வேறு ஊர்களிலும் உண்டு. கரையிலிருந்து சிறிது தூரத்திலேயே பவளப்பாறையும், அதைக் கொறிக்கும் கிளிமீன்களும், கடல் அனிமோன் என்னும் உயிரிக்குள் ஒளியும் கோமாளி மீன்களும் நம் நாட்டில் வெகு சில இடங்களில்தான் கிடைக்கும். அவற்றைப் பார்க்க ஸ்கூபா, ஸ்நார்க்லிங், சீ வாக், கண்ணாடித் தரை போட்ட படகு என்று நான்கு வழிகள் உண்டு. விலையும் அனுபவமும் நான்கிலும் வெவ்வேறு.

உடல்நிலை இடம் கொடுத்தால், முதுகில் காற்று உருளையோடு நீருக்குள் மூழ்கும் ஸ்கூபாவுக்கு ஈடு எதுவும் இல்லை. நீச்சல் தெரியாதே என்று பலர் இதைத் தொடக்கத்திலேயே தள்ளிவிடுகிறார்கள். முதல்முறை செல்பவர்களுக்கான டைவில் பயிற்றுநர் ஒருவர் உங்களைப் பிடித்தபடியே கூட வருவார். கருவியை இயக்குவது, மேலே ஏறுவது, கீழே இறங்குவது எல்லாம் அவர் பொறுப்பு. நம் வேலை வாயால் நிதானமாக மூச்சு விடுவதும், காது அடைக்கும்போது மூக்கைப் பிடித்து மெல்லக் காற்றை ஊதிச் சரிசெய்வதும்தான். பத்து மீட்டர் ஆழத்தில் உடல்மேல் இருக்கும் அழுத்தம் தரையில் இருப்பதைப்போல் இரண்டு மடங்கு. அதனால் சளி, சைனஸ், காதுக் கோளாறு இருப்பவர்கள் இறங்கக் கூடாது. ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டுவிட்டு வர வேண்டும். கர்ப்பிணிகள் இறங்கவே கூடாது. மருத்துவப் படிவத்தை உண்மையாக நிரப்புங்கள். அது உங்கள் உயிருக்கான கேள்வித்தாள். அதை வாங்காமலே தண்ணீரில் இறக்குகிற கடை என்றால் வெளியே வந்துவிடுங்கள்.

ஸ்கூபாவுக்கு ஹேவ்லாக்தான் சரியான இடம். டைவ் பயிற்சி மையங்கள் அங்கேதான் அதிகம். கரையிலிருந்தே நடந்து இறங்கும் டைவ், படகில் போய் இறங்கும் டைவ் இரண்டும் உண்டு. கூடுதல் பணம் கேட்டாலும் படகு டைவையே நான் எடுப்பேன். கரையோரத் திட்டுகளில் கூட்டம் அதிகம், கலங்கலும் அதிகம்.

ஸ்நார்க்லிங் செலவு குறைவு, பயமும் குறைவு. லைஃப் ஜாக்கெட்டோடு முகக்கண்ணாடியும் குழாயும் மாட்டி மிதந்தால் போதும். ஆனால் இடத்தைப் பொறுத்துத்தான் காட்சி. 2010இல் கடல்நீர் சூடேறி அந்தமானின் பவளங்கள் பெருமளவு வெளிறிப்போயின. ஆழம் குறைந்த பகுதிகளில் அடி அதிகம். அதனால் சில இடங்களில் சாம்பல் நிறக் கற்குவியலைத்தான் பார்ப்பீர்கள். ஹேவ்லாக்கில் எலிஃபண்ட் பீச் பரவாயில்லை, ஆனால் படகுகள் வந்து குவியும் முன்பே போய்விட வேண்டும். ஜாலி பாய் அதைவிட மேல். அதைப் பின்னால் சொல்கிறேன்.

சீ வாக் எனக்குப் பிடிக்காது. தலையில் பெரிய ஹெல்மெட் வைத்து, மேலிருந்து குழாய் வழியே காற்று அனுப்பி, கடல் தரையில் நடக்கவிடுவார்கள். முடி நனையாது, மூக்குக்கண்ணாடியைக் கழற்ற வேண்டாம் என்பதெல்லாம் உண்மை. ஆனால் ஒரே திட்டில் தினமும் கால்கள் மிதித்தால் அங்கே பவளம் எப்படி வளரும்? மீன்களை வரவழைக்க இரை போடுகிறார்கள், நம்மைச் சுற்றிவருவது அந்த இரைக்கு வரும் மீன்கள்தான். பார்வைக் குறைபாடுதான் தயக்கம் என்றால், பவர் லென்ஸ் போட்ட முகக்கண்ணாடி இருக்கிறதா என்று டைவ் கடையில் முன்கூட்டியே கேளுங்கள்.

வீட்டில் அறுபதைத் தாண்டிய அம்மா, மாமியார், தாத்தா யாராவது கூட வந்தால் கண்ணாடித் தரைப் படகை மறுக்காதீர்கள். ஸ்கூபாவோடு ஒப்பிட்டால் அது சிறிய காட்சிதான். ஆனால் புடவையோடு உட்கார்ந்தபடியே பவளப்பாறையைப் பார்க்க அவர்களுக்கு வேறு வழி இல்லை. நீல் தீவின் பரத்பூர் கடற்கரை இதற்கு நல்ல இடம். வெயில் நன்றாக ஏறிய பிறகு போனால் அடித்தளம் தெளிவாகத் தெரியும்.

ஹேவ்லாக்கா, நீலா

இரண்டு தீவுகளுக்கும் 2018இல் ஸ்வராஜ் தீவு, ஷஹீத் தீவு என்று பெயர் மாற்றினார்கள். போர்ட் பிளேரும் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. டிக்கெட்டில் புதுப் பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

ஸ்கூபாவும் ராதாநகர் கடற்கரையும் வேண்டும் என்றால் ஹேவ்லாக். ராதாநகர் மேற்கு பார்த்த கரை. நீளமான வெண்மணல், பின்னால் உயர்ந்த காடு, முன்னால் சூரிய அஸ்தமனம். 2004இல் டைம் பத்திரிகை ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று எழுதியது இதைத்தான். மாலையில் கூட்டம் அலைமோதும். காலையில் போனால் அதே கரை அமைதியாக இருக்கும். குளிக்கவும் அதுதான் நல்ல நேரம்.

நீல் தீவின் சுகம் வேறு. சைக்கிளிலேயே ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்விடலாம். வழியெல்லாம் காய்கறித் தோட்டமும் நெல்வயலும். கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் உருவாக்கிய ஊர் என்பதால் மீனும் சோறும் வீட்டுச் சமையல் ருசியில் கிடைக்கும். பரத்பூர், லக்ஷ்மண்பூர், சீதாபூர், ராம்நகர் என்று ஊர்ப்பெயர்களே ராமாயணமாக இருக்கும். லக்ஷ்மண்பூர் பக்கம் பாறை வளைவாக நிற்கும் இயற்கைப் பாலத்தைக் கடல் வற்றும் நேரத்தில் மட்டும்தான் நெருங்க முடியும். அப்போது பாறைக் குழிகளில் தேங்கிய நீரில் சின்ன மீன்களையும் கடல் வெள்ளரி என்னும் உயிரினங்களையும் குனிந்தே பார்த்துவிடலாம். தங்கும் விடுதியில் வற்று நேரத்தை முந்தைய இரவே கேட்டுவையுங்கள்.

மூன்று இரவு இருந்தால் ஹேவ்லாக்கில் இரண்டு, நீலில் ஒன்று. ஒரே தீவுதான் முடியும் என்றால், டைவ் செய்ய நினைப்பவர்களுக்கு ஹேவ்லாக், மற்றவர்களுக்கு நீல். இது என் விருப்பம் சார்ந்த தீர்ப்புதான், ஆனால் நீலை அரை நாள் பயணமாகச் சுருக்குவது அந்தத் தீவுக்குச் செய்யும் அநியாயம்.

பாராடாங்கை நான் ஏன் விடச் சொல்கிறேன்

சுண்ணாம்புக் குகை, அலையாத்திக் காட்டுக்கு நடுவே படகுப் பயணம், சேறு கொப்புளிக்கும் எரிமலை. கேட்கும்போது இழுக்கத்தான் செய்யும். படகுப் பயணம் உண்மையிலேயே அழகு. ஆனால் அங்கே போகும் சாலை அந்தமானின் பழங்குடிகளான ஜாரவா மக்களின் காட்டை ஊடறுத்துச் செல்கிறது. அதிகாலை மூன்று, நான்கு மணிக்குக் கிளம்பி, ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் காத்திருந்து, போலீஸ் காவலோடு வாகன வரிசையாகப் போக வேண்டும். வழியில் வண்டியை நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, அந்த மக்களுக்கு எதையும் கொடுக்கக் கூடாது.

ஜாரவாக்கள் சில நூறு பேர்தான். வெளியுலகத்தோடு பகையில்லாத தொடர்புக்கு அவர்கள் வந்ததே 1990களின் கடைசியில்தான். அடுத்த சில வருடங்களில் அவர்களிடையே தட்டம்மை பரவியது. நமக்குச் சாதாரணமான நோய் அவர்களுக்கு எமனாகலாம். அவர்களுடைய காட்டுக்குள் போகும் பகுதியில் இந்தச் சாலையை மூட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002இல் உத்தரவிட்டது. சாலை இன்னும் திறந்தேதான் இருக்கிறது. 2012இல் சுற்றுலாப் பயணிகளுக்காக ஜாரவாப் பெண்களை ஆடவைத்த வீடியோ வெளியாகி நாடே தலைகுனிந்தது. வடக்கு ஊர்களில் வாழ்பவர்களுக்கு அந்தச் சாலை தேவை, அவர்கள் போகட்டும். ஒரு குகையைப் பார்ப்பதற்காக நாமும் அந்த வரிசையில் சேர வேண்டுமா? வேண்டாம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. "ஜாரவா பார்க்கலாம் சார்" என்று ஏஜென்ட் யாராவது ஆசை காட்டினால் அந்த ஆளிடம் எந்த டிக்கெட்டும் வாங்காதீர்கள்.

அந்த ஒரு நாளை ஜாலி பாய்க்குக் கொடுங்கள். 1983இல் அமைக்கப்பட்ட மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் ஆளில்லாத் தீவு. வண்டூர் துறையிலிருந்து படகு. வனத்துறை அனுமதி வேண்டும், பிளாஸ்டிக்குக் கண்டிப்பான தடை. சாப்பாட்டை எவர்சில்வர் டப்பாவில் கட்டிக்கொண்டு போங்கள், அங்கே கடை கிடையாது. மழைக்காலத்தில் இதை மூடிவிட்டு ரெட் ஸ்கின் என்ற பக்கத்துத் தீவைத் திறப்பார்கள். இந்தக் கட்டுப்பாடுகளால்தான் அங்கே பவளங்கள் இன்னும் காணக் கிடைக்கின்றன. கரையில் கிடக்கும் செத்த பவளத் துண்டைக்கூட எடுத்துவராதீர்கள். வனவிலங்குச் சட்டப்படி அது குற்றம், விமான நிலையத்தில் பையைத் திறந்து பார்ப்பார்கள்.

நார்த் பேயும் ராஸும், பிறகு சிறையும்

போர்ட் பிளேருக்கு எதிரே இருக்கும் நார்த் பேயையும் ராஸையும் ஒரே படகு டிக்கெட்டில் சேர்த்து விற்பார்கள். பழைய இருபது ரூபாய் நோட்டின் பின்பக்கத்தில் இருந்த காட்சி நார்த் பே பக்கம்தான். நீர் விளையாட்டுக்குத்தான் அங்கே கூட்டம். ஹேவ்லாக்கில் கடலுக்குள் இறங்கியவர்களுக்கு இது தேவையில்லை.

ராஸுக்கு அப்படியில்லை. 1858இல் கைதிகளை வைத்துக் காட்டை வெட்டித் தொடங்கிய ஆங்கிலேயக் குடியிருப்பின் தலைமையிடம் அது. தேவாலயம், கமிஷனர் மாளிகை, ரொட்டிச் சூளை எல்லாவற்றின் சுவர்களையும் இன்று மரவேர்கள் பிடித்திருக்கின்றன. எதிர்க்கரையில் கைதிகள் செக்கிழுத்த காலத்தில் இங்கே அதிகாரிகள் விருந்து நடத்தினார்கள். அதனால் ராஸை அந்த எதிர்க்கரையின் செல்லுலார் சிறையோடு சேர்த்துப் பார்த்தால்தான் பொருள் விளங்கும்.

செல்லுலார் சிறையில் மாலை ஒலி-ஒளிக் காட்சிக்கு மட்டும் போய்த் திரும்புகிறவர்கள் நிறைய. எனக்குப் பகல்தான் முக்கியம். 1896இல் தொடங்கி 1906இல் முடித்த ஏழு சிறகுகளில் மூன்றுதான் மிச்சம். ஒரு சிறகின் அறைக் கதவுகள் அடுத்த சிறகின் முதுகைப் பார்த்தபடி இருக்கும். கைதிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே கூடாது என்று போட்ட கணக்கு அது. ஓர் அறைக்குள் போய்க் கதவுப் பக்கம் திரும்பி நின்றால் இது புரியும். பிறகு நடுக் கோபுரத்தில் ஏறிச் சுவரில் பொறித்த பெயர்களைப் படியுங்கள். ஒலி-ஒளிக் காட்சி அதற்குப் பிறகு நேரம் இருந்தால். சிறைக்கு எந்த நாளில் விடுமுறை என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

வரிசையும் இதையொட்டியே அமையட்டும். ஸ்கூபா முடித்துக் குறைந்தது 18 மணி நேரத்துக்கு விமானம் ஏறக் கூடாது. ஆகவே முதல் நாட்களில் ஹேவ்லாக்கும் நீலும், கடைசியில் ஜாலி பாய், சிறை, ராஸ். கடல் கொந்தளித்தால் படகுகள் ரத்தாகும். மே முதல் செப்டம்பர் வரை இது அடிக்கடி நடக்கும். எந்த மாதம் போனாலும் ஊர் திரும்பும் முந்தைய இரவு போர்ட் பிளேரில்தான் தங்க வேண்டும்.