கே.எல்.எம். நிலைத்தது, ஸ்விஸ்ஏர் வீழ்ந்தது: பாதைகள் பிரிந்த இடம்

நெதர்லாந்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு ரயிலிலேயே சில மணி நேரத்தில் போய்விடலாம். சுவிட்சர்லாந்தும் ஏறக்குறைய அப்படித்தான். உள்நாட்டுப் பயணிகளை நம்பி அங்கே ஒரு பெரிய விமான நிறுவனம் பிழைக்க முடியாது. ஆனாலும் இவ்விரு நாடுகளும் உலகம் மதித்த நிறுவனங்களை வளர்த்தன. நெதர்லாந்தின் கே.எல்.எம். நூறாண்டைக் கடந்து இன்றும் பிறந்தபோது வைத்த பெயரிலேயே பறக்கிறது. சுவிட்சர்லாந்தின் ஸ்விஸ்ஏர் 2002 வசந்தத்தோடு மறைந்தது.

கே.எல்.எம். பிறந்தது 1919 அக்டோபர் 7. அதை நடத்தியவர் ஆல்பர்ட் பிளெஸ்மான், முப்பது வயது இளைஞர். 1920 மே 17 அன்று லண்டனிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்கு முதல் விமானம் வந்தபோது, விமானமும் வாடகை, விமானியும் பிரிட்டிஷ்காரர். பயணிகள் இரண்டு பத்திரிகையாளர்கள் மட்டுமே. ஆனால் பிளெஸ்மானின் கண் லண்டனில் இல்லை, டச்சுக் காலனியின் தலைநகரான ஜாவாத் தீவின் பத்தாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) இருந்தது. 1924 அக்டோபர் 1 அன்று புறப்பட்ட ஃபாக்கர் விமானம் பல்கேரியாவில் எஞ்சின் பழுதாகி இறங்கியது. மாற்று எஞ்சின் வந்து சேரும்வரை காத்துக் கிடந்து, நவம்பர் 24 அன்று ஜாவாவை அடைந்தது. 1930இல் கராச்சி, கல்கத்தா, ரங்கூன் வழியாக அங்கே முறையான சேவையே தொடங்கிவிட்டது.

இந்த வளர்ச்சிக்குக் காலனி ஆட்சி முதுகெலும்பாக இருந்தது என்பதை மறைத்துவிட்டுக் கே.எல்.எம்-ஐப் புகழ்வது நேர்மையாகாது. அதிகாரிகளும் அஞ்சல் பைகளும் போய்வர ஒரு பேரரசு இருந்தது.

ஸ்விஸ்ஏருக்கு அந்த வசதி இல்லை. 1931இல் பாசலின் பாலேர், சூரிச்சின் ஆட் அஸ்ட்ரா என்ற இரு நிறுவனங்களை இணைத்து உருவானது அது. காலனி இல்லாதவர்கள் வேகத்தையும் உபசரிப்பையும் நம்பினார்கள். 1932இல் அமெரிக்காவின் லாக்ஹீட் ஓரியன் விமானத்தை வாங்கி ஐரோப்பியப் போட்டியாளர்களைத் திகைக்க வைத்தார்கள். 1934இல் நெல்லி டீனர் அதன் விமானத்தில் ஐரோப்பாவின் முதல் விமானப் பணிப்பெண்ணாகப் பறந்தார். அதே ஆண்டு ஜூலையில் ஜெர்மனியில் நடந்த விபத்தில் அவர் இறந்தார், வயது 22. பிற்காலத்தில் ‘பறக்கும் வங்கி’ என்று பெயரெடுக்கும் அளவுக்குப் பணமும் நம்பிக்கையும் சேர்ந்தன. தொடக்கத்தை மட்டும் வைத்து ஒப்பிட்டால் என் மதிப்பெண் ஸ்விஸ்ஏருக்கே.

ஆனால் 1949இல் இந்தோனேசியா டச்சு ஆட்சியிலிருந்து விடுபட்டபின், கே.எல்.எம். வேறொரு பாடத்தைக் கற்றுக்கொண்டது. பிற நாட்டுப் பயணிகளை ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபோல் விமான நிலையத்தில் இறக்கி, விமானம் மாற்றி ஏற்றி அனுப்புவதே அதன் தொழிலானது. அதற்கு ஒரு வலுவான கூட்டாளி தேவை என்பதை உணர்ந்து, 1989இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்ட் நிறுவனத்தில் பங்கு வாங்கியது. 1992இல் நெதர்லாந்து அரசும் இரு நாட்டு விமானங்களும் தடையின்றிப் பறக்க வகைசெய்யும் திறந்த வான்வெளி ஒப்பந்தத்தை அமெரிக்காவுடன் செய்து வழிவிட்டது. அரசும் நிறுவனமும் ஒரே திசையில் இழுத்த வண்டி அது.

சுவிட்சர்லாந்தில் நேர்மாறு. அதே 1992 டிசம்பர் 6 அன்று, ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுச் சந்தையில் பங்குபெற வழிசெய்யும் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் சேர வேண்டாம் என்று வாக்காளர்கள் 50.3 விழுக்காட்டில் முடிவு செய்தார்கள். ஐரோப்பிய வான்வெளி திறந்துகொண்டிருந்த நேரத்தில் ஸ்விஸ்ஏர் வெளியே நின்றது.

அப்போதும் ஒரு வாய்ப்பு இருந்தது. 1993இல் கே.எல்.எம்., ஸ்விஸ்ஏர், ஸ்காண்டிநேவியாவின் எஸ்.ஏ.எஸ்., ஆஸ்திரியாவின் ஆஸ்திரியன் ஆகிய நான்கும் ஒன்றாக இணைய ‘அல்காசார்’ என்ற பெயரில் பேச்சு நடத்தின. அமெரிக்கக் கூட்டாளி யார் என்பதில் அது முறிந்தது. கே.எல்.எம். நார்த்வெஸ்டை விடவில்லை, ஸ்விஸ்ஏர் தன் அமெரிக்கக் கூட்டாளியான டெல்டாவை விடவில்லை. இரு பாதைகளும் உண்மையில் பிரிந்தது இங்கேதான் என்று நான் கருதுகிறேன்.

அதன்பின் ஸ்விஸ்ஏர் தன்னை நடுவில் வைத்து ஒரு விமான நிறுவனக் கூட்டணியைப் பணம் கொடுத்து உருவாக்க முனைந்தது. 1995இல் பெல்ஜியத்தின் சபீனாவில் 49.5 விழுக்காடு; பிறகு ஜெர்மனி, பிரான்ஸ், போலந்து என்று நோயுற்ற நிறுவனங்களிலெல்லாம் பங்கு. முழு உரிமையும் இல்லை, முழு அதிகாரமும் இல்லை. நட்டத்தைச் சுமக்கும் கடமை மட்டும் வந்து சேர்ந்தது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் விமானப் போக்குவரத்து சரிந்தபோது கையிருப்பு கரைந்திருந்தது. அக்டோபர் 2 அன்று எரிபொருளுக்குக் கொடுக்கப் பணமின்றி விமானங்கள் தரையில் நின்றன. ‘பறக்கும் வங்கி’ அப்படி நின்றதை சுவிஸ் மக்கள் குடும்பத்தில் விழுந்த இழவாகவே உணர்ந்தார்கள். நவம்பர் 7 அன்று சபீனாவும் திவாலானது.

கே.எல்.எம். தனியாக வென்றுவிடவில்லை. 2004இல் ஏர் பிரான்ஸுடன் இணைந்தது. இறையாண்மை குறைந்ததே என்று வருந்திய டச்சுக்காரர்கள் உண்டு. ஆனால் ஸ்விஸ்ஏரின் இடத்தில் எழுந்த ‘ஸ்விஸ்’ நிறுவனமும் சில ஆண்டுகளிலேயே ஜெர்மனியின் லுஃப்தான்சாவின் கைக்குப் போனது. இரண்டுமே பெரிய அண்டை வீட்டாரிடம் போய்ச் சேர்ந்தன. ஒன்று தன் பெயரோடும் பேரம் பேசும் வலிமையோடும் போனது. மற்றொன்றின் பெயர்கூட மிஞ்சவில்லை.