சலான் வந்தால் பிரீமியம் ஏறுமா? மார்த்தாண்டத்திலிருந்து என் அனுபவம்

2018 முதல் ஒரே 1200 சிசி பெட்ரோல் கார்தான். வேலை திருவனந்தபுரத்தில், கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளையைத் தாண்டாத வாரமே கிடையாது. 2023 ஜூனில் கேரளாவில் சாலை விதிமீறலைப் பிடிக்கும் ஏஐ கேமராக்கள் வேலை செய்யத் தொடங்கிய பிறகு எனக்கும் அபராதச் சலான் வந்தது. இனி இன்சூரன்ஸ் எகிறிவிடும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். ஏறவில்லை. அமெரிக்காவில் ஓவர் ஸ்பீடுக்கு டிக்கெட் வாங்கினால் பிரீமியம் ஏறும், இங்கே 2021 ஜனவரியில் இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஐஆர்டிஏஐயின் குழு ஒன்று அதே மாதிரி யோசனை சொன்னது, ஆனால் என் பில்லில் இதுவரை அப்படி எதுவும் ஏறவில்லை.

இங்கே பார்ப்பது கிளெய்ம் கணக்கைத்தான், அதாவது இன்சூரன்ஸில் பணம் கேட்டோமா என்பதை. அடுத்தவருக்கு ஏற்படும் சேதத்துக்கான தேர்ட் பார்ட்டி பிரீமியம் அரசு வைப்பது, 1000 முதல் 1500 சிசி வரை 2022 ஜூனில் 3,416 ரூபாய் என்று வைத்தார்கள், எப்படி ஓட்டினாலும் அது மாறாது. நம் வண்டிச் சேதத்துக்கான ஓன் டேமேஜ் பகுதியில்தான் நோ கிளெய்ம் போனஸ்: கிளெய்ம் இல்லாத வருடங்களுக்கு 20, 25, 35, 45, கடைசியில் 50 சதவீதத் தள்ளுபடி. ஒரே ஒரு கிளெய்ம் போட்டால் பூஜ்யம். தப்பு யாருடையது என்ற பேச்சே இல்லை. 2017 ஒக்கி புயலில் மரம் விழுந்து நசுங்கிய கார்களுக்கும் இதே விதிதான், இது எனக்கு இன்னும் நியாயமாகப் படவில்லை.

மேம்பாலத்துக்குக் கீழே ஒரு ஆட்டோ என் பம்பரை உரசிவிட்டுப் போனது. பட்டறையில் 4,500 ரூபாய் கேட்டார்கள், ஏஜென்ட்டோ "கிளெய்ம் போட்டிருவோம் சார்" என்றார். எனக்கு அப்போது போனஸ் 50-இல் இருந்தது, ஓன் டேமேஜ் பிரீமியம் தள்ளுபடிக்கு முன் சுமார் 8,000. போட்டால் அடுத்த வருடம் 4,000 நஷ்டம் என்பதோடு முடியாது, மறுபடி 20-இலிருந்து ஏறி 50-ஐத் தொடும் வரை வருடா வருடம் குறைகிறது, 50, 30, 25, 15, 5 என்று கூட்டினால் 125 சதவீதம், அதாவது கிட்டத்தட்ட 10,000 (கார் பழசாக ஆக இது கொஞ்சம் இறங்கும், சரி). போதாக்குறைக்குக் கட்டாயக் கழிவு, அதாவது கிளெய்மில் நாமே ஏற்க வேண்டிய பங்கு, 1,000 வேறு. கையிலிருந்தே கொடுத்தேன்.

கம்பெனி மாறும்போது போனஸைக் கூட்டிச் சொல்ல வேண்டாம், பழைய கம்பெனியில் விசாரிப்பார்கள், பிறகு கிளெய்ம் போட்டால் சிக்கலாகும். பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டாலும் போனஸ் போச்சு. அப்புறம், போனஸ் ஆளுக்கு உரியது, வண்டிக்கு அல்ல. காரை விற்றால் கம்பெனியிடம் கடிதம் வாங்கி வைத்துக்கொண்டால் மூன்று வருடத்துக்குள் எடுக்கும் அடுத்த காருக்கு அதைக் காட்டலாம்.